பண்டாரவன்னியன் ஊருக்கு வருகிறான்: ஒரு வரவை ஊரே சேர்ந்து நடத்த முழுமையான வழிகாட்டி

வன்னியில் ஓகஸ்ட் 25 என்றால் பண்டாரவன்னியன் நாள். 1803இல் அன்றைக்கு ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவைப் பிடித்த வன்னித் தலைவன் அவன். வவுனியா நகரில் அவன் சிலைக்கு மாலை விழும். முல்லைத்தீவுப் பக்கம் கூட்டம் நடக்கும். பாடசாலைப் பிள்ளைகள் பேச்சுப்போட்டியில் அவனுக்காகத் தொண்டை கட்டும்வரை முழங்குவார்கள். மங்கல விளக்கு, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என்று ஒழுங்கும் மாறாது. சனம் கதிரையில் இருந்து கேட்டுவிட்டு எழும்பிப் போய்விடும். அதற்குப் பதிலாக, அவன் ஊருக்குள் நுழைந்த அந்த நாளையே ஊர் முழுக்கச் சேர்ந்து நடத்திப் பார்க்க விரும்புகிற சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள், பாடசாலைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சண்டையை நடிக்க வேண்டாம், வரவை நடியுங்கள். சண்டை நடித்தால் இருபது பெடியள் வாள் சுழற்றுவார்கள், ஊர் வேடிக்கை பார்க்கும். வரவை நடித்தால் வரவேற்கிற ஊர்தான் பிரதான பாத்திரம். கோலம் போடுகிற பெண், நிறைகுடம் வைக்கிற கிழவர், மதிலில் ஏறி எட்டிப் பார்க்கிற பையன், எல்லோருக்கும் அதில் வேலை இருக்கிறது. உண்மையான சண்டையை வாழ்நாளில் ஒருமுறைக்கு மேல் பார்த்துவிட்ட சனம் வாழும் மண் இது. அவர்கள் முன்னால் இன்னொரு சண்டை வேண்டியதில்லை.

இது புது யோசனையும் இல்லை. அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்டுக் காயப்பட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபயெத், கிழவரான பிறகு 1824 ஓகஸ்டில் திரும்பவும் அந்த நாட்டுக்குப் போனார். அன்றிருந்த 24 மாநிலங்களுக்கும் போய், 1825 செப்டெம்பர் வரை ஊர் ஊராகச் சுற்றினார். 200 ஆண்டு கழித்து, 2024இலும் 2025இலும், அதே ஊர்கள் பல அதே நாள்களில் அந்த வருகையை மீள நடத்தின. தளபதி வேடம் போட்டவர் வந்து இறங்க, ஊர் வரவேற்றது. விழா முழுக்க நின்றது அந்த வரவேற்பில்தான்.

எந்த வரவு, எது ஆவணம், எது வாய்வழிக் கதை

முதல் வேலை இதுதான். இதில் தெளிவில்லாமல் உடுப்புத் தைக்கத் தொடங்கினால் பிறகு எல்லாம் குழம்பும்.

ஆவணத்தில் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலேயர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இந்தக் கரையைப் பிடித்தார்கள். 1803இன் தொடக்கத்தில் கண்டிக்குள் புகுந்தார்கள். அந்த ஆண்டு யூன் மாதம் கண்டியில் விட்டுவைத்த அவர்களுடைய படை அழிந்தது. ஆங்கிலேயர் தடுமாறி நின்ற அந்த நேரத்தில்தான், 1803 ஓகஸ்ட் 25 அன்று, பண்டாரவன்னியன் கண்டியரின் துணையோடு முல்லைத்தீவைத் தாக்கினான். காவற்படைத் தலைவர் வொன் டிறிபேர்க் தன் ஆட்களோடு படகேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். வன்னிப் படை ஆனையிறவு வரைக்கும் போனது. பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கமிருந்தும் ஆங்கிலப் படை கிளம்பியது. ஒக்டோபர் 31 விடியற்புறம் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் அதே டிறிபேர்க் திடீரெனத் தாக்கி வென்றார். 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற அதிகாரி வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டில் இந்த விபரங்கள் உண்டு. உங்கள் குழுவில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அந்தப் பக்கங்களை வாசிக்க வைத்து, மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

கற்சிலைமடுக் கல்லை எல்லோருக்கும் தெரியும். வென்றவர்கள் தங்கள் வெற்றியைச் சொல்ல நட்ட கல் அது. காலப்போக்கில் தோற்றவனை நினைக்கிற இடமாக அதை வன்னிச் சனம் ஆக்கிக்கொண்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த இடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றுதான் கல்லில் பொறித்திருந்தார்கள். கொன்றார் என்று சொல்லவில்லை. அவன் எங்கே, எப்படி இறந்தான் என்பதற்கு ஊருக்கு ஊர் ஒரு கதை இருக்கிறது. நீங்கள் வரவைத்தான் நடத்துகிறீர்கள் என்பதால் அந்தப் பிணக்குக்குள் இறங்கவே தேவையில்லை. இதுவும் என் கட்சிக்கு ஒரு வலு.

காக்கை வன்னியன் அவனைக் காட்டிக்கொடுத்தது, தங்கை நல்லநாச்சியின் வீரம், குருவிச்சி நாச்சியாரின் காதல், இவை நாடகமேடையிலும் கூத்திலும் வளர்ந்த கதைகள். காக்கை வன்னியன் என்ற பெயர் இருநூறு ஆண்டு முந்திய யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியனின் கதையிலும் காட்டிக்கொடுத்தவன் பெயராகவே வருகிறது; இதிலிருந்தே எது எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கலாம் என்று யோசிக்கலாம். இதற்காக வாய்வழிக் கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கொப்பியில் இரண்டு பக்கம் பிரியுங்கள். இடப்பக்கம் ஆவணம், வலப்பக்கம் ஊர்க்கதை. நிகழ்வன்று கட்டியகாரன் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லட்டும். "எழுதி வைத்தது இது, எங்கள் கிழவிமார் சொல்லி வைத்தது இது" என்றாலே போதும்.

முல்லைத்தீவு நகரம் என்றால் ஓகஸ்ட் 25 வரவு உங்களுடையது. ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று, நெடுங்கேணி, புதுக்குடியிருப்பு என்றால் "படை எங்கள் ஊரால் போனது" என்று அடித்துச் சொல்லாதீர்கள். "எங்கள் ஊரால் போயிருந்தால் இப்படித்தான் வரவேற்றிருப்போம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனை என்று சொல்லிச் செய்கிற கற்பனையில் யாரும் குறை பிடிக்க முடியாது.

நாளும் நேரமும்

ஓகஸ்ட் கடைசி நல்ல காலம். மழை இல்லை, சிறுபோகம் செய்தவர்களுக்கும் அரிவிவெட்டு முடிந்து, அல்லது முடிகிற கட்டம். ஆனால் சோளகக் காற்றும் புழுதியும் உண்டு, பந்தலை இழுத்துக் கட்டுங்கள். நல்லூர்த் திருவிழா நாட்காட்டியை முதலில் பாருங்கள். தேரும் தீர்த்தமும் அந்த வாரம் விழுந்தால் உங்கள் கூட்டத்தில் பாதி யாழ்ப்பாணத்தில் நிற்கும். அப்படியானால் அதே வாரத்தில் வேறு நாளுக்குத் தள்ளலாம். பொழுது ஆறேகால் அளவில் சாயும், ஆகவே பின்னேரம் நாலரைக்கு ஊர்வலம் வெளிக்கிட்டால் கடைசிக் காட்சிக்குப் பந்தம் கொளுத்துகிற வெளிச்சம் சரியாக அமையும்.

ஒக்டோபர் 31 வேறு மாதிரியான நாள். மாரி தொடங்கியிருக்கும், காலபோக விதைப்பும் நடக்கும். அது தோல்வி நாள். கற்சிலைமடுப் பக்கத்து ஊர்கள் விடியற்புறம் விளக்கேற்றி அமைதியாகச் செய்யலாம். அதற்கு நாடகம் வேண்டாம்.

குழுவைச் சேர்த்தல்

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, விளையாட்டுக் கழகம், சனசமூக நிலையம், கோயில் பரிபாலன சபை, பங்குச் சபை, பள்ளிவாசல் நிர்வாகம், பாடசாலை. இவற்றில் எவை உங்கள் ஊரில் உயிரோடு இருக்கின்றனவோ அவற்றிலிருந்து ஒவ்வொருவரைக் கூப்பிடுங்கள். தலைவர் பதவிக்கு இழுபறி வரும். தலைவரையும் பண்டாரவன்னியனாக நடிப்பவரையும் ஒருவராக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஒத்திகையில் அவரை யாரும் திருத்த மாட்டார்கள்.

நாலு மாதம் முன்னே தொடங்குங்கள். முதல் மாதம் கதை கேட்டல், இரண்டாம் மாதம் பிரதி, மூன்றாம் மாதம் தையலும் தச்சும், கடைசி மாதம் ஒத்திகை. கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒருவர் அருகில் இருந்தால் அவரை முதல் நாளே போய்க் காணுங்கள். வெற்றிலை வைத்துக் கேட்பது வெறும் சம்பிரதாயமாக இருக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு அவர் இந்த வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்வார்.

அனுமதிகள்

இதைக் கடைசி வாரத்துக்கு விடுகிறவர்கள்தான் அதிகம். கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம், பிரதேச சபைக்கு ஒன்று, பொலிசுக்கு ஒன்று. ஒலிபெருக்கிக்கும் ஊர்வலத்துக்கும் பொலிஸ் அனுமதி வேண்டும். மாங்குளம் வீதி, பரந்தன் வீதி போன்ற பெருவீதியில் நடப்பதானால் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும் அறிவியுங்கள். தொல்லியல் திணைக்களம் பாதுகாக்கிற இடத்தில் பந்தக்கால் ஊன்றக் குழி கிண்டவே கூடாது. நிகழ்வைப் பக்கத்து வளவுக்கு மாற்றுவதுதான் லேசு.

கடிதத்தில் ஒன்றை மறக்காமல் எழுதுங்கள்: மரத்தில் செய்த வாள், வேல், துப்பாக்கி மாதிரிகள் எத்தனை, யார் பொறுப்பு, எங்கே வைத்திருப்பீர்கள். படம் பிடித்து இணையுங்கள். நிகழ்வுக்கு முதல் நாள் அவற்றை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் இன்னும் நல்லது. ஒத்திகைக்குப் போகிற பையன் பஸ்சில் மரத் துப்பாக்கியோடு ஏறினால் வருகிற சங்கடத்தை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எல்லா ஆயுதமும் ஓரிடத்தில், ஒரு பெட்டியில், ஒருவர் பொறுப்பில். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இராணுவப் பச்சை, புள்ளி உடுப்பு எந்த வேடத்துக்கும் வேண்டாம். 1803க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வழியைத் தெரிவுசெய்தல்

முழு வழியையும் நடக்க ஆசைப்படாதீர்கள். ஒன்றரை, இரண்டு கிலோமீற்றருக்கு மேல் போனால் ஊர்வலத்தின் தலை ஒரு ஊரிலும் வால் இன்னொரு ஊரிலும் நிற்கும். மேளத்தோடு நடக்கிறபோது, இடையில் மூன்று நிறுத்தம் வைத்தால், இந்தத் தூரத்துக்கே ஒரு மணித்தியாலம் போய்விடும்.

தொடங்குகிற இடம் குளக்கட்டாக இருந்தால் அழகு. தூரத்தில் கட்டின்மேல் கொடியும் தலைப்பாகைகளும் வரிசையாகத் தெரிவதை ஊர் முதலில் பார்க்கும். அந்தக் காட்சிக்கு வசனமே வேண்டாம். முல்லைத்தீவு நகரத்தில் செய்பவர்கள் கடற்கரையில் முடிக்கலாம். ஆங்கிலேயர் படகேறிப் போன பக்கம் அது. கடற்றொழிலாளர் சங்கத்திடம் ஒரு வள்ளம் கேளுங்கள். சிவப்புக் கோட்டுக்காரர் ஏறி, நூறு யார் தள்ளிப் போய் நின்றால் போதும். பாதுகாப்பு அங்கியை மட்டும் விடக்கூடாது. கோட்டுக்கு உள்ளே போட்டால் வெளியே தெரியாது.

பற்றைக்குள் மறைந்திருந்து பாய்ந்து வருகிற காட்சி வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணி, ஆட்கள் தினமும் புழங்குகிற காணி என்றால் மட்டும் வையுங்கள். இல்லையென்றால் வீதியை விட்டு இறங்க வேண்டாம். நிழல் மரமும் தண்ணீரும் எங்கே என்று நடந்து பார்த்து, அங்கே நிறுத்தம் போடுங்கள்.

பிரதி

நல்ல பிரதிக்கு நாலு காட்சி போதும். முதல் காட்சியில் செய்தி வருகிறது. பறையறைந்து ஒருவன் ஊருக்குள் ஓடி வருகிறான், வன்னிமை, அதாவது வன்னித் தலைவர், வருகிறார் என்கிறான். நம்புவதா வேண்டாமா என்று ஊர் கூடிப் பேசுகிறது. ஒருவர் பயப்படட்டும்: "அவர் வந்து போயிடுவார், வெள்ளைக்காரன் திரும்பி வந்தால் எங்கட கதி?" இந்தப் பயத்தை வெட்டிவிடாதீர்கள். 1803இல் ஊருக்குள் வாழ்ந்தவர்களை மனுசராகக் காட்டுவது இந்த வசனம்தான். அவர் பயந்தபடியே ஒக்டோபரில் படை திரும்பி வந்தது என்பது பார்ப்பவர்களுக்கும் தெரியும்.

இரண்டாம் காட்சி வரவு. இதில் பேச்சு குறைவாக இருக்கட்டும். கட்டியம் கூறல், ஆலாத்தி, நிறைகுடம், வெற்றிலைத் தட்டம். மங்கலத் தோரணம் பின்னத் தெரிந்த ஆட்களைத் தேடிப் பிடியுங்கள். செத்தவீட்டுத் தோரணத்தை மாறிக் கட்டிவிட்டால் அன்று முழுக்க அதுதான் பேச்சு.

மூன்றாம் காட்சியில்தான் உங்கள் எழுத்துக்கு வேலை. வந்தவன் ஆசனத்தில் இருக்க, ஊர் தன் குறையைச் சொல்கிறது. குளம் உடைந்து கிடக்கிறது, யானை பயிரை அழிக்கிறது, வரி தாங்கவில்லை. ஆங்கிலேயர் வந்த கையோடு தென்னை மரத்துக்கு வரி போட்டதும், அதை எதிர்த்து 1797இல் கலகம் வெடித்ததும் வரலாறு. கடற்கரை ஊர்க் கிழவி ஒருத்தி எழும்பி, தென்னம்பிள்ளை நட்ட தன் புருசனைத் திட்டலாம். ஒல்லாந்தர் காலத்தை நினைவில் வைத்திருக்கிற ஒரு முதியவரும் பேசலாம். 1782இல் ஒல்லாந்தர் வன்னிக்குள் படை அனுப்பியபோது எதிர்த்து நின்ற வன்னிச்சி, அதாவது பெண் தலைவி, மரியா செம்பாட்டே கைதியாகக் கொழும்புக்குக் கொண்டுபோகப்பட்டதை அவர் நடுவயதில் கேள்விப்பட்டவராக இருக்கட்டும். ஆண்கள் மட்டும் ஆண்ட மண் இல்லை இது என்பது அந்த ஒரு பேச்சிலேயே வந்துவிடும்.

இந்தக் காட்சிக்கான குறைகளைப் பிள்ளைகளை விட்டு ஊர் முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். இன்றைய யானைத் தொல்லையும் குளக்கட்டும் அப்படியே 1803க்குப் பொருந்தும். இன்றைய கட்சி அரசியலை மட்டும் உள்ளே விடாதீர்கள். ஒரு வசனத்தில் அது நுழைந்தாலும் மறுநாள் பத்திரிகையில் அந்த வசனம்தான் வரும், ஊர் வராது.

நாலாம் காட்சி வழியனுப்பல். அவன் வடக்கே ஆனையிறவுப் பக்கம் புறப்படுகிறான். ஊரில் இரண்டு பெடியள் கூடப் போகிறோம் என்கிறார்கள், ஒரு தாய் மறிக்கிறாள். என்ன முடிவு என்று எழுதாதீர்கள். மேளம் அடித்துக்கொண்டு படை போகட்டும்.

மொழிநடை பற்றி ஒன்று. "அடே பரங்கியனே, அற்பப் பதரே" என்ற செந்தமிழ் மேடை வசனம் எல்லோருக்கும் பாடம். தலைவனுக்கு அதில் கொஞ்சம் விடலாம், சனத்துக்கும் ஆசைதானே. ஊர்ச்சனம் பேசுவது வன்னிப் பேச்சுத் தமிழாகவே இருக்கட்டும்.

யார் எந்த வேடம்

பண்டாரவன்னியனுக்கு உயரமும் மீசையும் தேடி அலைய வேண்டாம். வெயிலில் ஒரு மணித்தியாலம் நடந்து, கூட்டத்துக்குள் நின்று, மைக் கோளாறு பண்ணினாலும் தொண்டையால் சமாளிக்கக்கூடிய ஆள் வேண்டும். மாற்றாள் ஒருவரையும் பழக்கி வையுங்கள்.

டிறிபேர்க் வேடத்துக்கு நல்ல நடிகரைக் கொடுங்கள். பெயரே ஜேர்மன் பெயர், வேலை செய்ததோ ஆங்கிலேயருக்கு. அவரைக் கோமாளியாக்கினால் அவர் திரும்பி வந்து வென்றது விளங்காமல் போகும். காக்கை வன்னியன் இந்தக் கதைக்குத் தேவையில்லை. அதோடு, சின்ன ஊரில் துரோகி வேடம் கட்டினவனுக்கு அந்தப் பட்டப்பெயர் பேரப்பிள்ளை காலம்வரை போகாது.

இனி, சொல்லக் கூச்சமான ஆனால் சொல்லியே ஆகவேண்டிய விடயம். அந்தக் காலத்து வரவேற்பில் பறையடிப்பது, நிலபாவாடை விரிப்பது, பந்தம் பிடிப்பது எல்லாம் சாதி பார்த்துச் சில குடும்பங்கள்மேல் சுமத்தப்பட்ட வேலைகள். "வரலாற்றுப்படி" என்று சொல்லி அதே குடும்பங்களின் பிள்ளைகளை அதே வேலைக்குக் கூப்பிடுவது பெரிய பிழை. வேடங்களைச் சீட்டுப் போட்டுக் கொடுங்கள். தலைவன் வேடமும் அந்தச் சீட்டுக்குள் வரட்டும். பறை பழக விரும்புகிற எவரும் பழகலாம். தெரிந்த கலைஞரைப் பழக்கக் கூப்பிட்டால் ஆசானுக்குரிய மரியாதையும் சம்பளமும் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

பெண்கள் ஆலாத்தித் தட்டோடு நிற்க மட்டும் இல்லை. செய்தி கொண்டு ஓடி வருகிறவள், முறையிடுகிறவள், படையில் நடக்கிறவள், எல்லாம் எழுதலாம்.

உடுப்பும் ஆயுதமும்

இரண்டு வழி இருக்கிறது. கூத்துடுப்பு, முடி, மணி, கண்ணாடித்துண்டு என்று முழுக் கூத்து மரபில் போவது ஒன்று. முல்லைத்தீவுக் கூத்துப் பாணியான முல்லைமோடி தெரிந்த அண்ணாவியார் கிடைத்தால் அப்படியே போங்கள், ஆட்டமும் பாட்டும் அதற்கு ஏற்ப வரும். மற்றது, தெருவில் நடக்கிற மனிதர்களாகக் காட்டுவது. இரண்டையும் கலந்தால் தலைவன் மட்டும் மினுங்கிக்கொண்டு தனியே நிற்பான்.

இரண்டாவது வழிக்குச் செலவு குறைவு. பழைய பருத்தி வேட்டிகளைச் சேர்த்து, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். கண்ணைக் குத்துகிற புது வெள்ளை போய்விடும். பொலியெஸ்டர் சால்வை வேண்டாம், வெயிலில் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். தலைவனுக்கு நல்ல தலைப்பாகை, கடுக்கன், கரை வைத்த சால்வை போதும். கைக்கடிகாரம், கையில் கட்டிய நூல், றப்பர் செருப்பு எல்லாம் வெளிக்கிடுகிற இடத்தில் ஒருவர் நின்று பார்த்துக் கழற்ற வேண்டும். வெறுங்காலோடு நடப்பதானால் தார் வீதியை நாலரை மணிக்குக் கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் தோற்செருப்பு.

சிவப்புக் கோட்டுக்கு முரட்டுச் சிவப்புத் துணி, வெள்ளைக் காற்சட்டை, நெஞ்சில் குறுக்காக இரண்டு வெள்ளைப் பட்டி. ஆறு பேர் போதும், காவற்படைக்குக் கூட்டம் வேண்டாம். அந்தக் கோட்டோடு வெயிலில் நிற்பவர்களுக்குத்தான் முதலில் தலை சுற்றும், அவர்களை நிழலில் வையுங்கள்.

வாளும் வேலும் மெல்லிய பலகையில் செய்து, முனையை மழுக்கி, சாம்பல் நிறம் பூசுங்கள். மூன்று அடிக்கு மேல் வாள் வேண்டாம். துப்பாக்கிக்கும் மரம்தான். பீரங்கி வேண்டுமென்றால் பனங்குற்றியைக் கடைந்து, பழைய வண்டிச் சில்லில் ஏற்றுங்கள். தச்சர் ஒருவர் இரண்டு நாளில் செய்து தருவார்.

குதிரையும் யானையும் கேட்டு வருவார்கள். வன்னிமைகள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானையாகத் திறை கட்டினார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் மேளம், பந்தம், சனநெருக்கம் உள்ள இடத்தில் எந்தப் பெரிய மிருகமும் வேண்டாம். பழகிய சோடி மாட்டு வண்டி ஒன்று, அதுவும் ஊர்வலத்தின் கடைசியில்.

சத்தம்

சீனவெடி, பட்டாசு, புகைக்குண்டு ஒன்றும் வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். திடீர்ச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் உடம்பு நடுங்குகிறவர்கள் உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள், அவர்கள் யாரென்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. பீரங்கி முழக்கத்துக்குப் பத்துப் பறையும் தவிலும் ஒரே அடியில் விழுந்து, பிறகு முழு அமைதி. மெய்யான வெடியை விட இது அழுத்தமாக விழும். அந்த அடி எப்போது வரப்போகிறது என்று கட்டியகாரன் முன்கூட்டியே அறிவிக்கட்டும். நோட்டீசிலும் ஒரு வரி போடுங்கள்.

நடக்கிறபோது பேச்சு எடுபடாது. ஆகவே வசனமெல்லாம் நிறுத்தங்களில் மட்டும். ஒரு உழவு மெசினில் ஒலிபெருக்கியை ஏற்றி முன்னே விடலாம், அதை ஓலையால் மறைத்துவிடுங்கள்.

ஒத்திகை

மண்டபத்துக்குள் வசனம் பழகுவது பாதி வேலை. மீதி, வீதியில் அதே நேரத்தில், அதே வெயிலில் நடந்து பார்ப்பது. குறைந்தது இரண்டு தரம் நடந்து பாருங்கள். இரண்டாம் தரம் உடுப்போடு. வேட்டி தடக்குவதும் தலைப்பாகை அவிழ்வதும் அன்றுதான் தெரியும். நாய்களும் தெரியும், எந்த வீட்டு நாய் மேளத்துக்குப் பாயும் என்று பார்த்து, வீட்டுக்காரரிடம் அன்பாகச் சொல்லி வையுங்கள்.

ஊர்ச்சனத்துக்கும் ஒத்திகை வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். வழியில் உள்ள வீடுகளுக்கு மாதர் சங்கத்தினர் போய், யார் வீட்டு வாசலில் நிறைகுடம், யார் வீட்டில் மோர், யார் எந்த நேரத்தில் குரல் கொடுப்பது என்று பேசி வைக்கட்டும். "நாங்கள் நடிக்க மாட்டோம்" என்பவர்களை வற்புறுத்தாதீர்கள். வாசலில் நின்று பார்த்தாலே அவர்கள் அன்றைய ஊர்ச்சனம்தான்.

அன்றைய நாள்

காலையில் கோயில், தேவாலய வழிபாடு எதுவானாலும் முடித்துவிடுங்கள். இரண்டு மணிக்கு நடிகர்கள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். மூன்று மணிக்கு ஒப்பனை. வழிநெடுக இரண்டு தண்ணீர்ப்பந்தல், மோரும் பானகமும். முதலுதவிக்குத் தெரிந்த ஒருவர், வாகனம் ஒன்று தயார் நிலையில்.

பிரதம விருந்தினர் பிரச்சினை கட்டாயம் வரும். அமைச்சரோ அதிகாரியோ வந்தால் முதல் மாலை யாருக்கு? என் முடிவு: அவரையும் ஊர்ச்சனத்தில் ஒருவராக்கி, வெற்றிலைத் தட்டத்தோடு வரவேற்கிற இடத்தில் நிறுத்துங்கள். படமும் வரும், மாலையும் பண்டாரவன்னியனுக்கே விழும். உரைகள் வேண்டுமென்றால் வழியனுப்பல் முடிந்து பந்தம் அணைத்த பிறகு, ஒருவர் மட்டும்.

படம் பிடிப்பவர்களை ஊர்வலத்துக்குள் விடாதீர்கள். இரண்டு பேருக்கு அடையாள அட்டை கொடுங்கள், மற்றவர்கள் ஓரத்தில் நிற்கட்டும். இல்லையென்றால் வீடியோவில் பண்டாரவன்னியனைச் சுற்றிக் கைத்தொலைபேசிகள்தான் தெரியும்.

காசு

பெருஞ்செலவு ஒலிபெருக்கி, சாப்பாடு, துணி. வெளிநாட்டில் இருக்கிற ஊரவர் சங்கங்கள் கேட்டால் கொடுப்பார்கள். பணமாகக் கேட்பதைவிட "ஆறு கோட்டுக்கான துணி", "பறை நாலு" என்று பொருளாகக் கேளுங்கள், கணக்கும் லேசு, சண்டையும் குறைவு. வரவு செலவைச் சனசமூக நிலையத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

முடிந்த பிறகு

அடுத்த நாளே உடுப்புகளைத் தோய்த்து, காயவைத்து, வேப்பிலை போட்டுப் பெட்டியில் பூட்டுங்கள். மர ஆயுதங்களை எண்ணி, ஒன்றும் குறையவில்லை என்று எழுதி, பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பொலிசுக்குக் கொடுத்த கடிதத்தின் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போக வேண்டும்.

ஒரு கிழமைக்குள் குழுவைக் கூட்டி, எங்கே நேரம் இழுபட்டது, எந்த வசனம் கேட்கவில்லை என்று கொப்பியில் குறியுங்கள். முதியவர்களிடம் பிள்ளைகள் சேர்த்த கதைகளும் ஒலிப்பதிவுகளும் தனியாக, பெயரும் நாளும் போட்டு, இரண்டு பிரதியாக இருக்கட்டும். ஒன்று பாடசாலை நூலகத்தில், மற்றது வேறு ஊரில் யாராவது ஒருவர் வீட்டில். ஒரே இடத்தில் வைத்ததெல்லாம் ஒரே நாளில் போன அனுபவம் எங்களுக்கு இருக்கிறது.